புதிதாக அசெம்பிள் செய்த பிசி: ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, டிஸ்ப்ளே மட்டும் வரவில்லை

இரவுக்கோழி:

வணக்கம். புதிதாக ஒரு பிசி அசெம்பிள் செய்திருக்கிறேன். பாகங்கள் எல்லாமே புதிது, எதுவும் செகண்ட் ஹேண்ட் கிடையாது. பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன்கள் சுற்றுகின்றன, ராமில் கலர் லைட் எரிகிறது, ஆனால் மானிட்டர் சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறது. பயாஸ் (போர்டிலேயே இருக்கும் ஆரம்ப மென்பொருள்) திரைகூட ஒரு தடவையும் பார்க்கக் கிடைக்கவில்லை. தானாக ஆஃப் ஆவதில்லை, நான் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கும் வரை அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

பாகங்கள்: ரைசன் 5 9600எக்ஸ், பி650 சிப்செட் மதர்போர்டு, 16 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்5 6000 ராம், ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை).

இதுவரை பார்த்தது: ராமைக் கழற்றி மறுபடி போட்டேன், எச்டிஎம்ஐ கேபிளை மாற்றினேன், மானிட்டரை லேப்டாப்பில் மாட்டினால் நன்றாக வேலை செய்கிறது. மாற்றிப் போட்டுப் பார்க்க வீட்டில் வேறு டெஸ்க்டாப் இல்லை. அடுத்து எதைத் தொடுவது என்று புரியவில்லை, சொல்லுங்கள்.

நான்காம்_ஸ்லாட்:

முதலில் ஒன்று கேட்கிறேன், ஆன் செய்துவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? டிடிஆர்5 போட்ட ஏஎம்5 (உங்கள் பிராசஸர் உட்காரும் சாக்கெட் வகை) போர்டு முதல் தடவை ஆன் ஆகும்போது ராமை டிரெயின் செய்யும். அதாவது எந்த வோல்டேஜில், எந்த டைமிங்கில் இந்த ராமோடு பேசினால் சரியாக வரும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொள்ளும். அது முடிகிற வரை திரை கறுப்பாகவேதான் இருக்கும், நடுவில் ஓரிரு முறை தானாக ரீஸ்டார்ட் ஆனாலும் ஆகும். சாதாரணமாகச் சில நிமிடங்கள்தான், பெரிய கொள்ளளவு ராம் என்றால் கால் மணி நேரம்கூட இழுக்கலாம். பாதியில் பொறுமை இழந்து அணைத்தால் அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். நிறையப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆன் செய்துவிட்டு எழுந்து போய் வேறு வேலை ஏதாவது பாருங்கள்.

இன்னொன்று, ராம் இரண்டும் எந்த ஸ்லாட்டில் இருக்கின்றன? பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். அநேகமாக எல்லா போர்டிலும் ஏ2, பி2 என்று எழுதியிருக்கும்.

அவசரக்காரன்:

போர்டு போய்விட்டது. எனக்கும் இப்படித்தான் ஆனது. நேரத்தை வீணாக்காமல் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குங்கள்.

திருப்புளி:

மேலே சொன்னவர் சொல்வதைக் கேட்டு இப்போதே போர்டைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். போர்டு போயிருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அது கடைசியில் வரவேண்டிய முடிவு. திருப்பிக் கொடுத்து, புது போர்டு வந்து, அதிலும் இதே கதை என்றால் என்ன செய்வீர்கள்?

"ஆன் ஆகவில்லை" என்று எல்லோரும் ஒரே மாதிரி எழுதினாலும் அதில் மூன்று விதம் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் ஒரு அசைவும் இல்லை என்பது ஒன்று, அது பெரும்பாலும் மின்சாரம் அல்லது பட்டன் வயர் பிரச்சினை. ஒரு நொடி ஓடி டப்பென்று நின்றுவிடுவது இன்னொன்று, எங்கேயோ ஷார்ட் ஆகிறது அல்லது எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடுகிறது. மூன்றாவது உங்களுடையது. கரண்ட் போகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஆனால் போர்டு தன் ஆரம்பச் சோதனையைத் தாண்டவில்லை. ஃபேன் சுற்றுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், 12 வோல்ட் வந்தால் ஃபேன் சுற்றத்தான் செய்யும், பிராசஸர் வேலை செய்கிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது போர்டின் ஓரத்தில் இருக்கும் நான்கு குட்டி எல்இடிகளை. பெரும்பாலும் 24 பின் கேபிள் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும், அரிசி அளவுகூட இருக்காது. பக்கத்தில் சிபியு (பிராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். ஆன் ஆனதும் ஒவ்வொன்றாக எரிந்து அணையும், எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் போர்டு மாட்டிக்கொண்டிருக்கிறது. கேபினட்டின் கலர் லைட் வெளிச்சத்தில் இது கண்ணுக்கே தெரியாது, அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். எது எரிகிறது என்று சொல்லுங்கள், பாதி வேலை முடிந்த மாதிரி.

அதோடு போர்டின் மேல் இடது மூலையில் பிராசஸருக்கான 8 பின் பவர் கேபிள் மாட்டியிருக்கிறதா, உள்ளே வரை போயிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அது இல்லாவிட்டாலும் ஃபேன் சுற்றும், லைட் எரியும், டிஸ்ப்ளே மட்டும் வராது, அச்சு அசல் உங்கள் நிலைமைதான். அங்கே மாட்ட வேண்டியது சிபியு என்று எழுதியிருக்கும், 4+4 ஆகப் பிரியும் கேபிள். கிராபிக்ஸ் கார்டுக்கு வரும் 6+2 கேபிளும் 8 பின்தான், பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றில் 12 வோல்ட் வரும் வரிசையில் மற்றதில் கிரவுண்ட் வரும். பின்களின் வடிவம் வேறு என்பதால் சாதாரணமாக உள்ளே போகாது. போகவில்லையே என்று யாராவது பலம் காட்டினால்தான் ஆபத்து. மாடுலர் (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்எம்பிஎஸ் என்றால் பெட்டியோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள், வேறு கம்பெனி கேபிள் அதே சாக்கெட்டில் பொருந்தினாலும் உள்ளே வயர் வரிசை மாறியிருக்கும்.

இரவுக்கோழி:

நன்றி. வரிசையாகச் சொல்கிறேன்.

ராம் ஏ2, பி2 ஸ்லாட்டில்தான் இருக்கிறது. ஆன் செய்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன், அரை மணி நேரத்துக்கு மேலேயே இருக்கும், திரும்பி வந்தாலும் அதே கறுப்புத் திரை. ஒரு ராமை மட்டும் ஏ2வில் வைத்தும் பார்த்தேன், பிறகு மற்றதை வைத்தும் பார்த்தேன், மாற்றமில்லை.

8 பின் கேபிள் சிபியு என்று எழுதியதுதான், க்ளிக் சத்தம் வரும் வரை போயிருக்கிறது, எஸ்எம்பிஎஸ் பக்கமும் சரியாக இருக்கிறது.

லைட்டை அணைத்துவிட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்ன எல்இடி இருக்கிறது. சிபியு என்ற இடத்தில் சிவப்பு. ஆன் செய்த நொடியிலிருந்து அதுதான் எரிகிறது, அடுத்ததுக்குப் போகவே இல்லை. அப்படியானால் பிராசஸர் போய்விட்டதா?

அவசரக்காரன்:

சிபியு லைட் என்றால் பிராசஸர்தான். போர்டு இல்லை.

திருப்புளி:

அரை நாளுக்கு முன்னால் போர்டு போய்விட்டது என்றீர்கள், இப்போது பிராசஸர். :)

@இரவுக்கோழி, அந்த லைட்டுக்கு "பிராசஸர் கெட்டுவிட்டது" என்று அர்த்தமில்லை. "பிராசஸரை எழுப்பும் கட்டத்திலேயே நிற்கிறேன்" என்றுதான் அர்த்தம். காரணம் பிராசஸராக இருக்கலாம், அதற்குப் போகும் கரண்டாக இருக்கலாம், சாக்கெட்டில் வளைந்த பின்னாக இருக்கலாம். ஏஎம்5ல் பின்கள் பிராசஸரில் இல்லை, போர்டில் இருக்கின்றன, 1718 பின்கள், ஒன்று சாய்ந்தாலும் வம்பு. இப்போதைக்குக் கூலரைக் கழற்ற வேண்டாம், கழற்றினால் தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து மறுபடி போட வேண்டிவரும், அதற்கு முன்னால் சுலபமானதை முடித்துவிடலாம்.

கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி வையுங்கள், எஸ்எஸ்டியையும்தான். உங்கள் பிராசஸரிலேயே சின்ன கிராபிக்ஸ் இருக்கிறது, மானிட்டரை போர்டின் எச்டிஎம்ஐயில் மாட்டினால் போதும். (பின்னால் இதைப் படிப்பவர்களுக்கு: 7500எஃப், 8400எஃப் மாதிரி எஃப்பில் முடியும் பிராசஸர் என்றால் இந்த வழி இல்லை, கார்டு கட்டாயம்.) பிறகு எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து வயரைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைச் சில நிமிடம் எடுத்து வைத்துத் திரும்பப் போடுங்கள். அதுதான் சிமாஸ் கிளியர், பயாஸ் செட்டிங் எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும்.

பொட்டுத்தூசி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே பிரச்சினைதான், புது பிசி ஆன் ஆகவில்லை. ஆனால் என்னுடையதில் ஃபேன்கூடச் சுற்றவில்லை, எந்த லைட்டும் இல்லை, ஒன்றுமே இல்லை. எஸ்எம்பிஎஸ் பின்பக்க சுவிட்ச் ஆனில்தான் இருக்கிறது. என்ன செய்வது?

திருப்புளி:

அது இதே பிரச்சினை இல்லை, நான் மேலே எழுதியதில் முதல் விதம். தனித் திரியாகப் போட்டிருக்கலாம், பரவாயில்லை.

முதலில் பட்டனைச் சந்தேகப்படுங்கள். கேபினட் முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய இரண்டு வயர், பவர் எஸ்டபிள்யூ என்று எழுதியிருக்கும், அது போர்டின் கீழ் ஓரத்தில் இருக்கும் பின்களில் மாட்டப்படுகிறது. அங்கே ஒரு பின் தள்ளி மாட்டிவிடுவது சர்வ சாதாரணம். மேனுவலைப் பார்த்து அந்த வயரைக் கழற்றிவிட்டு, பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களை மட்டும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டு எடுங்கள். பயப்பட வேண்டாம், பட்டன் செய்வதும் அதையேதான். ஆனால் பக்கத்துப் பின்னைத் தொடக்கூடாது, மேனுவல் படத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

ஓடினால் போர்டு நல்லது, பட்டனோ வயரோ கெட்டது. ஓடாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்கலாம். அதிலிருந்து வரும் எல்லா கேபிளையும் பாகங்களிலிருந்து கழற்றிவிடுங்கள், சுவர் பிளக்கிலிருந்து வரும் பவர் வயரையும் பிடுங்கிவிடுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பையும் ஒரு பேப்பர் க்ளிப்பால் இணைத்துவிட்டு, கையை எடுத்த பிறகு பவர் வயரை மாட்டி ஆன் செய்யுங்கள். இப்போது வரும் பல எஸ்எம்பிஎஸ்களில் எல்லா வயரும் கறுப்புதான், பச்சையைத் தேட முடியாது, 16ஆவது பின் என்று மேனுவல் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு இருபுறமும் உள்ள 15, 17 இரண்டுமே கிரவுண்ட். ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம், லோடு ஏறினால் தாங்குமா என்பது இந்தச் சோதனையில் தெரியாது. லோடு இல்லாவிட்டால் ஃபேனை நிறுத்தி வைக்கும் மாடல்களும் உண்டு, உங்களுடையது அந்த வகை என்றால் பழைய ஃபேன் ஒன்றை அதில் மாட்டி, அது சுற்றுகிறதா என்று பாருங்கள்.

சால்டர்_வாசனை:

@இரவுக்கோழி, நான் வேறு கோணத்தில் கேட்கிறேன். போர்டு பெட்டியில் "9000 சீரிஸ் ரெடி" என்கிற மாதிரி ஸ்டிக்கர் ஏதாவது இருக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால் பி650 போர்டுகள் வந்தது 2022 அக்டோபரில். உங்கள் 9600எக்ஸ் வந்தது 2024 ஆகஸ்டில். சாக்கெட் ஒன்றுதான், பிராசஸர் அழகாகப் பொருந்தும், ஆனால் இடைப்பட்ட காலத்தில் தயாரித்து ஏதோ ஒரு குடோனில் கிடந்த போர்டு என்றால் அதில் இருக்கும் பயாஸுக்கு இப்படி ஒரு பிராசஸர் வரப்போவதே தெரியாது. தெரியாத பிராசஸரைப் பார்த்தால் அது என்ன செய்யும்? ஃபேனைச் சுற்றவிட்டுச் சிபியு லைட்டை எரியவிட்டு அப்படியே நிற்கும். பாகம் எதுவும் கெட்டிருக்காது. போர்டை மாற்றி வாங்கினாலும் அதே ஸ்டாக்கிலிருந்து இன்னொன்று வந்தால் அதுவும் இப்படியேதான் நிற்கும்.

உறுதி செய்வது சுலபம். போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் பக்கத்துக்குப் போய் பிராசஸர் சப்போர்ட் பட்டியலைத் திறந்தால், ஒவ்வொரு பிராசஸருக்கும் நேராக எந்த பயாஸ் வெர்ஷனிலிருந்து ஓடும் என்று போட்டிருக்கும். உங்கள் போர்டில் இப்போது என்ன வெர்ஷன் இருக்கிறது என்பது சில போர்டுகளில் பயாஸ் சிப் மேலேயோ 24 பின் பக்கத்திலோ ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரில் இருக்கும். ஸ்டிக்கர் இல்லாவிட்டாலும் பாதகமில்லை, பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிராசஸர், ராம் இரண்டின் தயவும் இல்லாமலேயே புது பயாஸை ஏற்றிவிடலாம். 24 பின்னும் 8 பின்னும் மாட்டியிருந்தால் போதும்.

பட்டன் இல்லாத போர்டாக இருந்தால்தான் கஷ்டம், யாரிடமாவது 7000 சீரிஸ் (முந்தைய தலைமுறை) பிராசஸர் ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டு அப்டேட் செய்ய வேண்டும்.

இரவுக்கோழி:

போர்டில் பயாஸ் வெர்ஷன் ஸ்டிக்கர் இருக்கிறது! பட்டியலில் 9600எக்ஸுக்கு நேராகப் போட்டிருக்கும் வெர்ஷனைவிட இதில் இருப்பது ரொம்பப் பழையது. பெட்டியிலும் 7000 சீரிஸ் என்றுதான் போட்டிருக்கிறது. கார்டு, எஸ்எஸ்டி இல்லாமல், பேட்டரி எடுத்துப் போட்டும் பார்த்தேன், அதே சிவப்பு.

ஃப்ளாஷ் பட்டன் இருக்கிறது. பயாஸை லேப்டாப்பில் இறக்கி, மேனுவலில் சொன்னபடி பெயர் மாற்றி, பென் டிரைவில் போட்டு, பட்டனை அழுத்தினேன். பக்கத்தில் இருக்கும் எல்இடி கொஞ்சம் சிமிட்டிவிட்டு நின்றுவிடுகிறது. சில நிமிடம் சிமிட்டிக்கொண்டே இருக்கும் என்று மேனுவலில் இருக்கிறதே?

சால்டர்_வாசனை:

அப்படி உடனே நின்றால் போர்டு ஃபைலைக் கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தம், பயப்பட ஒன்றுமில்லை, எதையும் எழுதவில்லை.

பென் டிரைவ் ஃபேட்32ல் இருக்க வேண்டும், என்டிஎஃப்எஸ்ஸோ எக்ஸ்ஃபேட்டோ இருந்தால் போர்டு கண்டுகொள்ளாது. 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு விண்டோஸ் ஃபார்மேட் விண்டோவில் ஃபேட்32 தேர்வே வராமல் போகலாம், சின்ன டிரைவாக எடுங்கள். ஃபைல் எந்த ஃபோல்டருக்குள்ளும் இருக்கக்கூடாது. ஜிப்பைப் பிரிக்காமல் அப்படியே போடுபவர்களும் உண்டு, பிரித்து உள்ளே இருக்கும் ஃபைலை மட்டும் போட வேண்டும். எல்லா யுஎஸ்பி போர்ட்டும் ஆகாது, பின்பக்கம் அதற்கென்று ஒன்று மட்டும் குறியிட்டிருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் நான் சந்தேகப்படுவது பெயரை. விண்டோஸ் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்து வைக்கும் வழக்கம் உள்ளது. நீங்கள் மேனுவலில் உள்ள முழுப் பெயரையும் டைப் செய்தால், மறைந்திருக்கும் பழைய வால் அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இரட்டை வாலாகிவிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், போர்டுக்குத் தெரியாது. எக்ஸ்புளோரரில் வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன் காட்டும் டிக்கைப் போட்டுவிட்டுப் பெயரைத் திரும்பப் பாருங்கள்.

சிமிட்ட ஆரம்பித்ததும் அது தானாக நிற்கும் வரை எதையும் தொட வேண்டாம், அந்த நேரத்தில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டிவரும். யுபிஎஸ் இருந்தால் அதில் மாட்டுங்கள்.

பொட்டுத்தூசி:

ஸ்க்ரூ டிரைவர் வைத்துத் தொட்டதும் ஓடிவிட்டது! கேபினட் பட்டன்தான் வேலை செய்யவில்லை. இப்போது கேபினட்டை மாற்ற வேண்டுமா?

திருப்புளி:

மாற்றிக் கேட்கலாம், ஆனால் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். கேபினட்டில் ரீசெட் பட்டன் இருந்தால் அதன் வயரைப் பவர் சுவிட்ச் பின்களில் மாட்டிவிடுங்கள், இரண்டும் ஒரே வேலை செய்யும் சாதாரணப் பட்டன்கள்தான், பிளஸ் மைனஸ் பார்க்க வேண்டியதில்லை. அதன் பிறகு ரீசெட்டை அழுத்தினால் பிசி ஆன் ஆகும். என் பழைய மெஷின் ரொம்ப நாள் அப்படித்தான் ஓடியது.

இரவுக்கோழி:

இரட்டை வால்தான்! பெயரைச் சரிசெய்ததும் சிமிட்ட ஆரம்பித்து, சில நிமிடம் கழித்துத் தானாக அணைந்தது. ஆன் செய்தேன், சிபியு லைட் அணைந்து டிராமுக்குப் போய் அங்கே நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றதால் வயிற்றைக் கலக்கியது, நான்காம்_ஸ்லாட் சொன்ன டிரெயினிங்காகத்தான் இருக்கும் என்று பட்டனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன், வந்துவிட்டது. எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

ஆனால் பயாஸுக்குள் போவதற்கு முன் ஒரு கறுப்புத் திரையில் புது சிபியு பொருத்தப்பட்டுள்ளது, எஃப்டிபிஎம் மாறியிருக்கிறது, ரீசெட் செய்ய ஒய், வேண்டாம் என்றால் என் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. எதை அழுத்துவது? கை வைக்கப் பயமாக இருக்கிறது.

சால்டர்_வாசனை:

ஒய் அழுத்துங்கள். அது என்க்ரிப்ஷன் சாவிகளை வைத்திருக்கும் இடம், உங்கள் எஸ்எஸ்டி காலியானது, அழிய ஒன்றும் இல்லை. பழைய மெஷினிலிருந்து பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்ட விண்டோஸ் டிஸ்க்கை அப்படியே கொண்டுவந்து மாட்டுபவர்கள்தான் ரெக்கவரி கீயைக் கையில் வைத்துக்கொண்டு அழுத்த வேண்டும்.

பயாஸுக்குள் போனதும் ராம் வேகத்தைப் பாருங்கள், 4800 என்றோ 5600 என்றோதான் காட்டும், 6000 வேண்டுமென்றால் எக்ஸ்போவை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்) ஆன் செய்ய வேண்டும். அதை இன்றைக்கே செய்யாதீர்கள். முதலில் கார்டையும் எஸ்எஸ்டியையும் திரும்ப மாட்டி, விண்டோஸ் போட்டு, ஓரிரு நாள் ஓடவிட்டுப் பிறகு செய்யுங்கள், அப்போதுதான் ஏதாவது தகராறு வந்தால் எதனால் வந்தது என்று தெரியும். எக்ஸ்போ போட்டதும் மறுபடி ஒருமுறை டிரெயின் செய்யும், திரை கறுப்பாக நிற்கும்.

இரவுக்கோழி:

ஒய் அழுத்திவிட்டேன், பயாஸ் வந்துவிட்டது. ராம் 4800. கார்டை மாட்டப் போகிறேன், மானிட்டர் கேபிளை இனி கார்டிலேயே மாட்டலாம் அல்லவா?

நான்காம்_ஸ்லாட்:

ஆமாம், கார்டிலேயே. போர்டில் மாட்டினாலும் படம் வரும், கேம் போட்டால்தான் அழுவீர்கள்.